ஏப்ரல் தொடக்கமும் ஐப்பசி மழையும்: பாகூர்ப் பகுதியை முன்வைத்துக் கல்வியாண்டு பற்றி ஓர் ஆய்வு

1. கேள்வி

புதுச்சேரியின் பாகூர் கொம்யூனைச் சேர்ந்த சேலியமேடு, நிலவரைபடத்தில் தனித்துக் காட்ட முடியாத ஊர். இந்தப் பகுதியில் புதுச்சேரி நிலமும் கடலூர் மாவட்ட நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கின்றன. வரப்பின் இந்தப் பக்கம் ஒன்றிய ஆட்சிப்பகுதி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. இரு பக்கத்துக்கும் வாய்க்கால் ஒன்று, மழை ஒன்று, பெண் கொடுத்து எடுக்கும் உறவும் ஒன்றே. நெடுங்காலம் பள்ளிக்கூடம் திறக்கும் நாளும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. புதுச்சேரி, காரைக்கால் பகுதிகளின் அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தையும் அதன் பொதுத்தேர்வையும் பின்பற்றின. ஜூனில் தொடங்கி, மார்ச்சிலும் ஏப்ரலிலும் தேர்வெழுதி, மே மாதம் ஓய்ந்திருப்பது என்பதே எல்லையின் இருபுறமும் பழகிய ஆண்டு.

இந்த ஒருமை இப்போது இல்லை. புதுச்சேரி அரசு 2014-15இல் கீழ்வகுப்புகளில் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வி வாரியப் (சிபிஎஸ்இ) பாடத்திட்டம், 2023-24இல் மேல்வகுப்புகளுக்கு வந்தது. அடுத்த ஆண்டு பத்தும் பன்னிரண்டும் சேர்ந்தன. சிபிஎஸ்இயின் கல்வியாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எனவே 2025இல் அரசுப் பள்ளிகளின் புதிய ஆண்டும் ஏப்ரலுக்கு நகர்ந்தது. ஏப்ரலில் வகுப்பு நடக்கும். மே மாதம் விடுமுறை. ஜூனில் மறுபடி வகுப்பு.

இந்த மாற்றத்தைக் குறித்துக் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் வெயிலைப் பற்றியது: கொளுத்தும் ஏப்ரலில் பிள்ளைகளைப் புது வகுப்பில் உட்கார வைப்பது சரியா? கேள்வி நியாயமானதுதான். ஆனால் பாகூர்ப் பகுதியைப் பொறுத்தவரை அது இரண்டாம் நிலைக் கேள்வி என்று கருதுகிறேன். கல்வியாண்டு எப்போது தொடங்குகிறது என்பதைவிட, வடகிழக்குப் பருவமழை முடிந்த பின் தேர்வுக்கு எத்தனை வாரம் மிஞ்சுகிறது என்பதே இங்குள்ள மாணவரின் ஆண்டைத் தீர்மானிக்கிறது. அதை நிறுவ முயல்கிறது இக்கட்டுரை. அதோடு, இந்த முடிவை எடுக்க வேண்டியவர் யார் என்று சட்டம் சொல்வதையும் பார்க்க வேண்டியுள்ளது.

2. ஜூன் எவ்வளவு பழையது?

ஜூன் தொடக்கத்தை மரபென்றும் ஏப்ரல் தொடக்கத்தை வந்தேறி என்றும் பேசுவது வழக்கமாகிவிட்டது. வரலாறு இதற்கு இடம் தரவில்லை.

திண்ணைப் பள்ளிக்கூடத்துக்குக் கல்வியாண்டு என்ற ஒன்றே கிடையாது. பிள்ளையை நல்ல நாள் பார்த்து, பெரும்பாலும் விஜயதசமியன்று, கொண்டுவந்து சேர்ப்பார்கள். அரிச்சுவடி முடித்தவன் எண்சுவடிக்குப் போவான். முடிக்காதவன் அதிலேயே இருப்பான். எல்லாப் பிள்ளைகளும் ஒரே நாளில் தொடங்கி ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம், வகுப்புவாரிப் பள்ளியும் பொதுத்தேர்வும் வந்தபின் உண்டானது. பாகூருக்கு இதனினும் பழைய கல்வி வரலாறு உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த பாகூர்ச் செப்பேடுகள், வாகூரில், அதாவது இன்றைய பாகூரில், இருந்த வித்யாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்த மண்ணின் விளைச்சலைக் கொண்டு ஓர் உயர்கல்விச் சாலை நடந்தது என்பதற்கு அது சான்று. அங்கே படிப்பு எந்த மாதம் தொடங்கியது என்பதைப் பற்றிச் செப்பேட்டிலிருந்து எதையும் ஊகிக்க முயலக் கூடாது.

ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்திலும் ஜூன் தொடக்கம் ஆதிமுதல் இருந்ததல்ல. கணித மேதை இராமானுஜன் மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறியது 1903 டிசம்பரில்; கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தது 1904இல். அன்றைய தேர்வு மாதம் டிசம்பர் என்றால், அதையொட்டிய பள்ளியாண்டும் இன்றைய வடிவில் இருந்திருக்க முடியாது. பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியிலோ பள்ளிக் கல்வி பிரெஞ்சுத் தேர்வுகளை நோக்கி அமைந்திருந்தது. 1954 நவம்பர் 1இல் நடைமுறை அதிகாரமாற்றமும், 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியான இணைப்பும் நிகழ்ந்த பின்னரே தமிழ்நாட்டு முறை இங்கே முழுமையாக வேரூன்றியது. ஆக, புதுச்சேரி கிராமத்துக்கு ஜூன் என்பதும் வெளியிலிருந்து வந்த தேதிதான். ஒவ்வொரு முறையும் தேர்வு மாறியது. அதன் பின்னாலேயே ஆண்டும் மாறியது. பருவத்தைப் பார்த்து யாரும் தேதி குறித்ததாகத் தெரியவில்லை.

ஆனாலும் மக்கள் வாழ்க்கையில் ஜூன் ஆழப் பதிந்துவிட்டது. அறுபது வயதைக் கடந்த தமிழர் பலருடைய சான்றிதழில் பிறந்த நாள் மே அல்லது ஜூன் மாதமாக இருப்பதை யாரும் கவனித்திருக்கலாம். வலக்கையைத் தலைக்குமேல் வளைத்து இடக்காதைத் தொட்ட பிள்ளைக்கு, சேரும் நாளில் ஐந்து வயது நிறைந்திருக்கும்படி தலைமையாசிரியர் எழுதிக்கொண்ட தேதி அது. பின்னாளில் அவர்கள் பணி ஓய்வு பெற்றதும் அந்தத் தேதிப்படிதான். நிர்வாகம் குறிக்கும் ஒரு தொடக்க நாள் தனிமனிதரின் பிறப்பையே மாற்றி எழுதும் அளவுக்கு வலியது என்பதை இந்த எடுத்துக்காட்டு காட்டுகிறது. அதனால்தான் அந்த நாளை மாற்றும்போது கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது.

3. வெயில் வாதத்தின் பலமும் பலவீனமும்

ஏப்ரல் தொடக்கத்தை எதிர்ப்போர் முதலில் காட்டுவது வெயிலை. 2024இல் வெப்பத்தின் காரணமாகப் புதுச்சேரிப் பள்ளிகளுக்கு ஏப்ரல் 29 முதலே கோடை விடுமுறை விடப்பட்டது. தகரக் கூரையும் போதிய மின்விசிறி இல்லாத வகுப்பறையும் உள்ள இடத்தில் ஏப்ரல் பிற்பகலைக் கடப்பது சிறு பிள்ளைகளுக்குத் துன்பம். இதை யாரும் மறுக்கப் போவதில்லை.

ஆனால் இதே அளவுகோலை ஜூனுக்கும் வைத்துப் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கரையில் உச்ச வெயில் மே மாதத்தோடு முடிவதில்லை. தென்மேற்குப் பருவமழை ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை நனைக்கிறது. மலைக்கு இப்பாலுள்ள கடலோரத்துக்கு அது தருவது பெரும்பாலும் வறண்ட மேல்காற்றுத்தான். புதுச்சேரி, கடலூர்க் கரையில் ஜூன் மாதத்தின் சராசரி உச்ச வெப்பம் ஏப்ரலினுடையதைவிடக் கூடுதல். அண்மை ஆண்டுகளின் அறிவிப்புகளே இதற்குச் சான்று. 2023இல் தமிழ்நாட்டில் ஜூன் 1 என்று அறிவிக்கப்பட்ட பள்ளித் திறப்பு 7ஆம் தேதிக்குத் தள்ளப்பட்டு, பின்னர் மேல்வகுப்புகளுக்கு 12ஆம் தேதி, தொடக்க வகுப்புகளுக்கு 14ஆம் தேதி என்று ஆனது. 2024இல் புதுச்சேரியில் ஜூன் 6 என்று குறித்த திறப்பு 12க்குப் போனது. கத்திரி முடிந்த பிறகும் வெயில் முடியவில்லை என்பதை இரு அரசுகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் ஒப்புக்கொண்டிருக்கின்றன.

அப்படியானால் வெயிலை மட்டும் வைத்துப் பார்த்தால் ஏப்ரலின் முதல் பாதி, ஜூனின் முதல் பாதியைவிடப் பள்ளிக்கு உகந்தது என்ற முடிவுக்கே வர வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தை வெறுமனே வடநாட்டு வழக்கம் என்று ஒதுக்குபவர்கள் இந்தச் சான்றை எதிர்கொள்ளவில்லை. கேரளத்தில் 2025இல் கல்வியமைச்சர் வி. சிவன்குட்டி ஏப்ரல், மே விடுமுறையை ஜூன், ஜூலைக்கு மாற்றலாமா என்று பொதுவிவாதத்துக்கு விட்டதும் இங்கே நினைக்கத் தக்கது. அங்கே ஜூனில் பள்ளி திறப்பதும் பெருமழை தொடங்குவதும் ஒன்றாக நேர்கின்றன. மழை விடுமுறையால் தொடக்க வாரங்களே கரைந்துபோகின்றன. புதுச்சேரி ஆட்சிப்பகுதிக்கு இது அயல் மாநிலச் செய்தி அன்று. அதன் ஒரு பகுதியான மாகி இருப்பது கேரளத்துக்குள்தான். மாகிக்கு மழை ஜூனில், பாகூருக்கு ஐப்பசி, கார்த்திகையில். ஒரே கல்வி இயக்குநரகம் இரண்டுக்கும் ஒரே நாட்காட்டி போடுவதில் உள்ள சிக்கல் இங்கிருந்தே தொடங்குகிறது.

ஏப்ரலுக்கு ஆதரவாக இன்னொரு வாதமும் உண்டு. எனக்கு அது வெயில் வாதத்தைவிட வலுவாகத் தெரிகிறது. தனியார் பள்ளிகள் பொங்கல் முடிந்ததுமே சேர்க்கையைத் தொடங்கிவிடுகின்றன. அரசுப் பள்ளி ஜூன்வரை காத்திருந்தால், கையில் கொஞ்சம் பணம் புரளும் குடும்பம் அதற்குள் முடிவெடுத்து முன்பணமும் கட்டியிருக்கும். தமிழ்நாட்டு அரசு 2024, 2025 ஆண்டுகளில் மார்ச் 1 முதலே அரசுப் பள்ளிச் சேர்க்கையைத் தொடங்கியது இதை உணர்ந்துதான். ஆனால் அங்கே முன்கூட்டி நடந்தது சேர்க்கை மட்டுமே. வகுப்பு ஜூனில்தான் தொடங்கியது. இரண்டையும் பிரிக்க முடியும் என்பதற்கு அதுவே எடுத்துக்காட்டு.

4. ஏப்ரலில் உண்மையில் நடப்பது என்ன?

ஏப்ரலைக் கல்வியாண்டின் முதல் மாதம் என்று தாளில் எழுதுவது எளிது. அந்த மாதத்தில் பாடம் நடக்க வேண்டுமென்றால் புத்தகம் மார்ச் முடிவதற்குள் பள்ளிக்கு வந்திருக்க வேண்டும். விலையில்லாப் புத்தகத்தையும் சீருடையையும் நம்பியிருக்கும் அரசுப் பள்ளி மாணவருக்கு, அவை கையில் வராத மாதம் பெயரளவுக்குத்தான் கல்வி மாதம். தனியார் பள்ளிப் பிள்ளை அதே மாதத்தில் கடையில் வாங்கிய புத்தகத்தோடு முதல் அலகை முடித்திருப்பான். ஒரே நாளில் தொடங்கினாலும் இருவரும் ஒரே இடத்தில் தொடங்குவதில்லை.

அடுத்தது தேர்தல். புதுச்சேரி வாக்களித்த நாட்களைப் பாருங்கள்: 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. மக்களவையோ சட்டப்பேரவையோ, அண்மைப் பொதுத்தேர்தல்கள் ஏப்ரலிலேயே நடந்துள்ளன. கிராமத்தில் வாக்குச்சாவடி பள்ளிக்கூடம்தான். வாக்குச்சாவடி அலுவலர்களில் பெரும்பாலோர் ஆசிரியர்கள். பயிற்சி, பொருள் பெறுதல், வாக்குப்பதிவு, பொருள் ஒப்படைப்பு என்று அவர்களுடைய நாட்கள் போய்விடும். தேர்தல் வரும் ஆண்டில் ஏப்ரல் வகுப்பு என்பதை எண்ணிக்கையில்தான் காட்ட முடியும்.

ஊர்த் திருவிழாக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பங்குனி முதல் ஆடிவரை கூத்தும் தீமிதியும் தேரும் நிறைந்த காலம். வில்லியனூர்த் திருக்காமீசுவரர் கோயில் தேர் வைகாசியில் ஓடுகிறது. பிரெஞ்சு ஆளுநர் வடம்பிடித்த வழக்கம் இன்றைய துணைநிலை ஆளுநர்வரை தொடர்கிறது. இவை ஓரிரு நாள் உள்ளூர் விடுமுறையோடு முடிபவை. இவற்றைக் கல்விக்குத் தடை என்று எண்ணுவது மிகை.

எல்லையோரக் குடும்பங்களின் சங்கடம் இதைவிடப் பெரியது. அண்ணன் கடலூர்ப் பக்கம் படிக்க, தங்கை பாகூர்ப் பக்கம் படித்தால், ஏப்ரலில் அவனுக்கு முழு ஆண்டுத் தேர்வு, அவளுக்குப் புது வகுப்பின் முதல் மாதம். இதையாவது வீட்டில் சமாளித்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பைத் தமிழ்நாட்டில் முடித்துவிட்டுப் புதுச்சேரி அரசுப் பள்ளியில் பதினொன்றில் சேர விரும்பும் மாணவருக்கு என்ன வழி? 2025இல் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்தது ஏப்ரல் 15. முடிவு வந்தது மே 16. அவர் விண்ணப்பிக்கும்போது புதிய வகுப்பின் முதல் மாதம் கடந்திருக்கும். எட்டாம் வகுப்புவரை தாமதமாக வரும் பிள்ளையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கட்டாயக் கல்விச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பாதுகாக்கிறது. பதினொன்றாம் வகுப்புக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

5. விவசாயமும் விடுமுறையும்: ஒரு பழைய வாதத்தை எடைபோடல்

கிராமப் பள்ளியின் நாட்காட்டி உழவை ஒட்டி அமைய வேண்டும் என்ற கருத்து இந்தியாவில் புதிதன்று. 1882இல் அமைக்கப்பட்ட ஹண்டர் கல்விக் குழு, உழவர் ஊர்களிலும் பின்தங்கிய மாவட்டங்களிலும் பள்ளி நேரத்திலும் பருவத்திலும் நெகிழ்வு வேண்டுமென்று பரிந்துரைத்தது. கோடை விடுமுறையே விவசாயத்துக்காக ஏற்பட்டது என்ற நம்பிக்கையும் பரவலாக உள்ளது. அமெரிக்காவில் அது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிந்த கதை. ஆனால் அங்கேயும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கிராமப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும்தான் மூடப்பட்டன. நீண்ட கோடை விடுமுறை பெரிதும் நகர வாழ்க்கையும் நிர்வாகச் சீர்மையும் தந்தது என்பதே வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு.

பாகூருக்கும் இது பொருந்துகிறது. தென்பெண்ணையிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வரும் இந்தப் பகுதி புதுச்சேரியின் நெற்களஞ்சியம். சித்திரையில் சொர்ணவாரி, ஆவணியை ஒட்டிச் சம்பா, மார்கழி, தையில் நவரை என்று பருவம் சுழல்கிறது. சம்பா அறுப்பு தை, மாசியில் வரும். மே மாத விடுமுறை இவற்றில் எந்த நடவோடும் அறுப்போடும் சரியாகப் பொருந்துவதில்லை. உழவுக்காக அமைந்த விடுமுறை என்றால் அது தையில் வந்திருக்க வேண்டும்.

வந்திருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இங்கே எச்சரிக்கை தேவை. பள்ளியை ஊர்த் தொழிலுக்கு ஏற்ப வளைப்பது நல்லெண்ணமாகத் தொடங்கிச் சாதியின் பிடியில் போய் முடியக்கூடும் என்பதைத் தமிழ்ச் சமூகம் 1953இல் கண்டது. இராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, மிச்ச நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைக் கற்கட்டும் என்றது. அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்து மக்கள் எழுந்தார்கள். காமராசர் ஆட்சியில் 1954இல் அது கைவிடப்பட்டது. கூலி வேலைக்குப் பிள்ளையின் கையும் தேவைப்படும் வீட்டுக்கு ஏற்ப நாட்காட்டி போட்டால், அந்தக் கை வயலிலேயே நின்றுவிடும். இன்று அறுப்பை இயந்திரம் செய்கிறது. பிள்ளை உழைப்பின் தேவையும் குறைந்திருக்கிறது. ஆகவே பயிர்ப் பருவத்தை அடிப்படையாகக் கொண்ட வாதத்தை நான் ஏற்கவில்லை. நாட்காட்டி பார்க்க வேண்டியது பிள்ளையின் உழைப்பை அன்று. பள்ளிக்குப் போகும் வழி எப்போது தண்ணீரில் இருக்கிறது என்பதை.

6. மழைக்குப் பின் எத்தனை வாரம்?

பாகூர்ப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர்வரை பெய்கிறது. புயலும் அப்போதுதான். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பரில் நிவர். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல்: புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட, தென்பெண்ணை கரைபுரண்டது. சோரியாங்குப்பம், குருவிநத்தம் போன்ற பாகூர்ப் பகுதி ஊர்களுக்குள் வெள்ளம் புகுந்தது.

அந்த ஆண்டின் தேதிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். புதுச்சேரி அரசுப் பள்ளிகளின் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பினர் சிபிஎஸ்இ பொதுத்தேர்வை முதன்முதலாக எழுதிய ஆண்டு அதுவே. தேர்வு தொடங்கியது 2025 பிப்ரவரி 15; புயல் கரை கடந்ததிலிருந்து சரியாக 11 வாரம். செய்முறைத் தேர்வுகள் ஜனவரி 1 முதலே நடக்கலாயின. அதே வெள்ளத்தில் சிக்கிய கடலூர் மாவட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு மார்ச் 3இலும், பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28இலும் தொடங்கின. ஆற்றின் ஒரு கரையில் பத்தாம் வகுப்பு மாணவிக்கு 11 வாரம். மறுகரையில் ஏறத்தாழ 17 வாரம். நனைந்த புத்தகத்தை உலர்த்தி, வீட்டைக் கழுவி, போன நாட்களைச் சனிக்கிழமை வகுப்புகளால் ஈடுகட்ட இந்த ஆறு வாரம் எவ்வளவு பெரியது என்பதைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிவார்கள். சிபிஎஸ்இ தேர்வு ஒரு மாதத்துக்கு மேல் நீண்டு, பாடங்களுக்கிடையே நாட்கள் விட்டு நடப்பதால் இடைவெளியின் ஒரு பகுதி சரியாகிறது என்று சொல்லலாம். முதல் தேர்வுக்கு முன் பாடத்தை முடித்தாக வேண்டிய பள்ளிக்கு அது உதவுவதில்லை.

இதைப் பொதுவாகவும் கணக்கிடலாம். ஜூன் தொடக்க முறையில் மழைக்கு முன் ஜூன் முதல் செப்டம்பர்வரை நான்கு மாதம். மழைக்குப் பின் ஜனவரி முதல் மார்ச்வரை ஏறக்குறைய மூன்று மாதம். ஏப்ரல் தொடக்க முறையில் மழைக்கு முன் ஏப்ரலும் சேர்ந்து ஐந்து மாதம். பின்னால் ஒன்றரை மாதம். மொத்தத்தில் வேறுபாடு சிறியது. ஏழு மாதத்துக்கு ஆறரை. ஆனால் இரண்டும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. முன்னால் சேர்ந்த ஏப்ரல், புத்தகமும் தேர்தலும் வெயிலும் பங்குபோடும் மாதம். பின்னால் இழந்த பிப்ரவரியும் மார்ச்சும், எந்தப் பாடம் மழையில் போனது என்று தெரிந்த பிறகு அதை மீட்க உதவும் மாதங்கள். புயல் எந்த வாரம் வரும் என்று ஏப்ரலில் யாருக்கும் தெரியாது. எனவே ஏப்ரலில் அதற்கு ஈடுகட்ட முடியாது. தொடக்க நாளை முன்னால் இழுத்ததைக் காட்டிலும், முடிவு நாளை மழைக்கு அருகே கொண்டுவந்ததே இந்தப் பகுதிக்கு நேர்ந்த பெரிய மாற்றம்.

2026 முதல் பத்தாம் வகுப்புக்கு பிப்ரவரியில் ஒரு தேர்வும், மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ள விரும்புவோருக்கு மே மாதம் மற்றொன்றும் என்று சிபிஎஸ்இ அறிவித்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் முதல் தேர்வு எல்லாருக்கும் கட்டாயம். இரண்டாவதில் திருத்திக்கொள்ளக்கூடியவை மூன்று பாடங்கள்வரைதான். வெள்ளத்தில் இரண்டு வாரம் இழந்த மாணவர், மே மாத வெயிலில் மறுபடி எழுதி ஈடுசெய்துகொள்ள வேண்டியிருக்கும்.

7. ஒரே நாட்காட்டி என்ற கொள்கை

நாடு முழுவதும் ஒரே கல்வியாண்டு இருந்தால் உயர்கல்விச் சேர்க்கை எளிதாகும், நுழைவுத்தேர்வுகளில் யாரும் பின்தங்க மாட்டார்கள் என்பது ஒருமைக்கான வாதம். நீட், ஜேஇஇ தேர்வுகளை எண்ணும் பெற்றோருக்கு இதன் ஈர்ப்பு புரிந்துகொள்ளத் தக்கதே.

இதற்கு எதிரான அனுபவம் காஷ்மீரில் கிடைக்கிறது. அங்கே கடுங்குளிருக்கு முன் அக்டோபர், நவம்பரில் தேர்வு முடிப்பது பழைய வழக்கம். 2022இல் நாட்டின் பிற பகுதிகளோடு ஒத்துப்போவதற்காக அதை மார்ச்சுக்கு மாற்றினார்கள். பனிக்கால விடுமுறை முழுவதும் தேர்வின் சுமையோடு பிள்ளைகள் இருக்க வேண்டியதாயிற்று. பெற்றோர் எதிர்ப்பும் தொடர்ந்தது. 2024இல் பொறுப்பேற்ற உமர் அப்துல்லா அரசு ஒன்பதாம் வகுப்புவரை நவம்பர் முறையை மீட்டது. இரண்டே ஆண்டில் ஒருமைக் கொள்கை பருவத்துக்கு வழிவிட்டது.

தமிழர் வாழும் பிற நாடுகளிலும் கல்வியாண்டு அசையாத ஒன்றாக இருந்ததில்லை. மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் உட்பட எல்லாப் பள்ளிகளின் ஆண்டும் ஜனவரியில் தொடங்கி வந்தது; பெருந்தொற்றுக்குப் பின் மார்ச்சுக்குப் போய், 2026இல் மீண்டும் ஜனவரிக்கு வந்தது. இலங்கையிலும் பெருந்தொற்றும் பொருளாதார நெருக்கடியும் ஜனவரித் தொடக்கத்தைத் தள்ளிவைத்தன. ஆண்டுதோறும் சில வாரங்களாகக் குறைத்து அதைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாற்றுவதும் திரும்ப எடுப்பதும் நடைமுறையில் சாத்தியம்தான்.

சிபிஎஸ்இயின் சொந்த நடைமுறையிலும் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. அது போதிய அளவு பேசப்படவில்லை. பனி மூடும் பகுதிகளிலுள்ள பள்ளிகளுக்குச் செய்முறைத் தேர்வை வாரியம் முன்கூட்டியே நடத்துகிறது. 2024-25இல் அப்பள்ளிகளுக்கு அவை நவம்பர் 5 முதல் டிசம்பர் 5 வரை நடந்தன; மற்றவர்களுக்கு ஜனவரியில். பருவத்தைக் காரணமாகக் கொண்டு ஒரு பகுதிக்குத் தனித் தேதி தருவதை வாரியம் கொள்கையளவில் ஏற்றிருக்கிறது. அந்த ஏற்பு சோழமண்டலக் கரையின் புயல் மழைவரை இன்னும் நீளவில்லை.

8. முடிவு யார் கையில்?

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம், ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாளும் ஆறு முதல் எட்டுக்கு 220 நாளும் குறைந்த அளவாக விதிக்கிறது. 800, 1000 கற்பித்தல் மணிகள் என்றும் சொல்கிறது. எந்த மாதத்தில் தொடங்க வேண்டும் என்று சொல்லவில்லை. கல்வி நாட்காட்டியை முடிவுசெய்வதை உள்ளாட்சி அமைப்பின் கடமைகளில் ஒன்றாக 9ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. பஞ்சாயத்து, நகராட்சி ஆகியவற்றோடு, பள்ளியை நிர்வகிக்கும் பிற அதிகார அமைப்பும் அந்த வரையறைக்குள் வரும் என்பதால், இயக்குநரகமே நாட்காட்டி போடுவது சட்டமீறல் ஆகாது. ஆனால் சட்டம் முதலில் நினைத்தது யாரை என்பது தெளிவு.

புதுச்சேரி கிராமத்தில் அந்த இடம் காலியாக இருந்துவந்திருக்கிறது. 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து 2006இல்தான் இங்கே உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் கொம்யூன் பஞ்சாயத்துகளை நீண்ட காலம் அதிகாரிகளே நடத்தினார்கள். சிபிஎஸ்இக்கு மாறும் முடிவும், அதன் தொடர்ச்சியாக ஏப்ரலுக்கு மாறும் முடிவும் உருவான ஆண்டுகள் இவை. பாகூர் கொம்யூனில் எந்தச் சாலை எந்த மழைக்கு முழுகும், எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்த வாய்க்காலைக் கடந்து வருகிறார்கள் என்பதைச் சொல்லத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று அப்போது இல்லை. இதை ஒரு தனி அதிகாரியின் குறையாகப் பார்க்க முடியாது. கேட்கப்பட வேண்டிய குரலுக்கு நிறுவனமே இல்லாமல் போனது.

வாரியத்தை மறுபடி மாற்றக் கோருவது இந்தக் கட்டுரையின் நோக்கமன்று. பாடத்திட்டத்தைப் பற்றிய விவாதம் வேறு. அடிக்கடி மாறும் பாடத்திட்டத்தால் முதலில் அல்லலுறுவோர் அரசுப் பள்ளி மாணவர்களே. இருக்கும் ஏற்பாட்டுக்குள் செய்யக்கூடியவை உள்ளன. பனிப் பகுதிகளுக்கு உள்ளதைப் போல வடகிழக்குப் பருவமழைக் கரைக்கும் தனிப் பிரிவை உண்டாக்கி, செய்முறைத் தேர்வைப் பிப்ரவரிக்கும் எழுத்துத் தேர்வை மார்ச்சுக்கும் நகர்த்தப் புதுச்சேரி அரசு முறைப்படி கோரலாம். இது நெல்லூர் முதல் நாகப்பட்டினம்வரை உள்ள சிபிஎஸ்இ பள்ளிகளுக்கும் பயன்படும். அதுவரை, ஏப்ரல் மாதத்தைப் புதிய பாடத்துக்கு ஒதுக்காமல், முந்தைய ஆண்டின் மழைக்காலத்தில் விட்டுப்போன பாடங்களைக் காலை வேளைகளில் மீட்கும் மாதமாக வைத்துக்கொள்ளலாம். எல்லா வகுப்புகளுக்கும் புத்தகத்தை மார்ச் கடைசி வாரத்துக்குள் தருவது இதற்கு முன்நிபந்தனை. பதினொன்றாம் வகுப்பு மட்டும் ஜூனில் தொடங்கினால் கடலூர்ப் பக்கத்து மாணவரும் சேர வழி கிடைக்கும்.

இவற்றுக்கு அடிப்படையாக ஒரு கணக்கு வேண்டும். கவிஞரேறு வாணிதாசன் பெயர் தாங்கிய சேலியமேடு அரசுப் பள்ளி உட்பட ஒவ்வொரு பள்ளியிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை எந்தெந்த நாள் பள்ளி நடக்கவில்லை, நடந்த நாளிலும் எத்தனை பேர் வர முடியவில்லை என்பது அதில் நாள்வாரியாகப் பதிவாகியுள்ளது. பாகூர், வில்லியனூர் கொம்யூன்களின் பள்ளிகளில் இருந்து கடந்த பத்து ஆண்டுப் பதிவேடுகளை இந்த ஒரு நோக்கத்தோடு தொகுத்தால், வாரியத்திடம் கோரிக்கை வைக்கத் தேவையான சான்று பள்ளியளவில் கிடைத்துவிடும். இயக்குநரகம் அடுத்த நாட்காட்டியை வெளியிடும் முன் செய்துமுடிக்கக்கூடிய வேலை இது.